மாநிற முகத்தை வரைதல்: தமிழ்நாட்டில் உலர்வண்ண உருவப்படங்களின் வரலாறு

உருவப்படம் என்பது, பார்த்தவுடன் இன்னார் என்று அடையாளம் காணும்படி ஒரு மனிதரின் முகச்சாயலை வரைவதாகும். எண்ணெய் வண்ணத்தையோ நீர்வண்ணத்தையோ தூரிகையால் தீட்டுவது ஒரு முறை. கட்டியாகவோ குச்சியாகவோ உள்ள நிறப்பொருளை நேரே தாளில் தேய்த்து வரைவது மற்றொரு முறை. கரி, சுண்ணக்கோல், பாஸ்டல், வண்ணப் பென்சில் ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றைப் பொதுவாக உலர்வண்ணங்கள் எனலாம்.

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வண்ணப் பெட்டிகள் பலவற்றில் வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு குச்சி இருக்கும். பிள்ளைகள் அதைத் 'தோல் கலர்' என்பார்கள். அம்மாவை வரையும் குழந்தை அந்தக் குச்சியைத்தான் எடுக்கும். ஆனால் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் அம்மாவின் நிறம் அதுவன்று. மனிதத் தோலுக்கு உரிய நிறமாக அந்தக் குச்சி எப்படி வந்து சேர்ந்தது, நம் முகங்களின் உண்மையான நிறத்தை இங்குள்ள ஓவியர்கள் எப்படித் தேடினார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொல்லும் காவியும்

நிறத்துக்கான சொல் தமிழில் இல்லாமல் போகவில்லை. சங்க இலக்கியத்தில் பெண்ணின் மேனி நிறத்தைக் குறிக்க 'மாமை' என்ற சொல் வருகிறது. உரையாசிரியர்கள் இதை மாந்தளிரின் நிறம் என்று விளக்குவர். மாமரத்தின் இளந்தளிரை வெயிலில் வைத்துப் பார்த்தால் அதில் செம்மையும் பழுப்பும், லேசான ஊதாவும், மேலே ஒரு மினுமினுப்பும் தெரியும். பிரிவுத் துயரில் அந்த மாமை மறைந்து படரும் வெளிறிய மஞ்சள் நிறத்துக்குப் 'பசலை' என்று பெயர். அதற்குப் பீர்க்கம்பூ உவமை. மேனியின் நிறம் மனநிலைக்கேற்ப மாறுவதை இவ்வளவு நுட்பமாகக் கண்டவர்கள் நிறத்தைக் கூர்ந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். இன்று வீட்டில் பேசும்போது சொல்லும் 'மாநிறம்' இந்த மாமைக்கு நெருங்கிய உறவு.

இந்த நிறத்துக்கு வேண்டிய பொருளும் இம்மண்ணிலேயே இருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குகையில் உள்ள 9ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் சுண்ணாம்பு வெள்ளை, புகைக்கரி, காவி, மஞ்சட்காவி, பச்சை மண் ஆகியவை பயன்படுத்தப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் கால ஓவியங்களை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி வெளிப்படுத்தினார். இரண்டு இடங்களிலும் மனித உடலுக்கு அடிப்படை காவிதான். காவி என்பது இரும்பு ஆக்சைடு கலந்த மண். இதே பொருளைக் கொண்ட செந்நிறக் கட்டியைத்தான் ஐரோப்பிய ஓவியர்களும் முகம் வரையக் கையில் எடுத்தார்கள்.

பாஸ்டலும் பவுடர் பூசிய முகமும்

ஐரோப்பாவில் 15, 16ஆம் நூற்றாண்டுகளிலேயே கருப்பு, சிவப்பு, வெள்ளைச் சுண்ணக்கோல்களால் முகம் வரையும் பழக்கம் பரவிவிட்டது. இடைநிறமுள்ள தாளை எடுத்து, நிழலுக்குக் கருப்பையும், உயிர்ச்சாயலுக்குச் சிவப்பையும், ஒளி விழும் இடத்துக்கு வெள்ளையையும் வைப்பது அதன் முறை. பின்னர் வந்தது பாஸ்டல். நிறப்பொடியுடன் சுண்ணத்தூளைச் சேர்த்து, சிறிதளவு பிசின் விட்டுப் பிசைந்து உருட்டிக் காயவைத்தால் அது பாஸ்டல் குச்சி. 'பிசைந்த மாவு' என்ற பொருள் தரும் இத்தாலியச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது.

வெனிசு நகரத்து ரோசால்பா கரியேரா (1673–1757) 1720இல் பாரிசுக்குச் சென்று வரைந்தபின் பாஸ்டல் உருவப்படம் அங்கே பெருவழக்கானது. அவருக்குப் பின் வந்த மோரிசு குவாந்தன் த லா தூர் (1704–1788) தீட்டிய மதாம் த பொம்பதூர் படம், 1755இல் பாரிசில் காட்சிக்கு வந்தது. அக்காலத்துச் சீமாட்டிகளும் சீமான்களும் முகத்துக்கும் தலைமுடிக்கும் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டவர்கள். பாஸ்டலும் பொடிதான். பொடி பூசிய முகத்தைப் பொடியாலேயே வரைந்ததால் படம் தத்ரூபமாக அமைந்ததில் வியப்பில்லை.

இங்கே ஒரு தொழில்நுட்ப உண்மையைக் கவனிக்க வேண்டும். பாஸ்டலில் ஒரு நிறத்தை வெளிறச் செய்ய மேலும் மேலும் சுண்ணத்தூளைச் சேர்ப்பார்கள். எனவே ஒரு பெட்டியில் வெளிறிய குச்சிகள் பல இருக்கும். ஆழ்ந்த பழுப்புக் குச்சிகள் சிலவே இருக்கும். வெளிறிய தோலுக்கு இது வசதி. பழுப்புத் தோலில் ஒளி விழும் இடத்தைக் காட்ட அதே முறையில் வெள்ளையைக் கலந்தால் தோல் ஒளிராது. சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். பாஸ்டலில் மாநிற முகம் வரையத் தொடங்கும் எவரும் முதல் படத்திலேயே சந்திக்கும் தோல்வி இது. குற்றம் கையினுடையது என்று எண்ணி விட்டுவிடுகிறவர்கள் பலர். உண்மையில் அது பெட்டி அமைந்த விதத்தின் குறை.

சென்னைப்பட்டினத்தில் முகம் வரைந்தவர்கள்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில ஓவியர்கள் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வரத் தொடங்கினார்கள். 1769இல் வந்த டில்லி கெட்டில் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாசாவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். 1785 முதல் 1795 வரை இங்கிருந்த ஜான் ஸ்மார்ட், உள்ளங்கையில் அடங்கும் தந்தத் தகடுகளில் முகங்களைத் தீட்டினார். இந்தியாவில் வரைந்தவை என்று காட்டத் தம் கையொப்பத்தில் ஆண்டுடன் ஓர் 'ஐ' எழுத்தைச் சேர்ப்பது அவர் வழக்கம்.

உலர்வண்ணத்தைப் பொறுத்தவரை முதன்மையானவர் தாமஸ் ஹிக்கி (1741–1824). டப்ளின் நகரில் பிறந்து, அங்கே சுண்ணக்கோல் வரைவுக்குப் பெயர்பெற்ற ராபர்ட் வெஸ்டின் பள்ளியில் பயின்றவர். 1780இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது எதிரிக் கப்பற்படையிடம் அகப்பட்டு, விடுபட்டபின் லிஸ்பனில் சில ஆண்டுகள் தங்கிவிட்டார். பின்னர் கல்கத்தாவில் வேலை செய்து, மெக்கார்ட்னி தூதுக்குழுவுடன் சீனாவரை போய்த் திரும்பி, 1798இல் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டு மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். அந்தப் போரைப் பெரிய எண்ணெய் ஓவியங்களாகத் தீட்டத் திட்டமிட்ட ஹிக்கி, போரில் ஈடுபட்ட ஆங்கில அதிகாரிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கரியாலும் சுண்ணக்கோலாலும் வரைந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட முகங்கள் அப்படிச் சேர்ந்தன. திட்டமிட்ட பெரிய படங்கள் நமக்குக் கிடைக்கவில்லை; அவற்றுக்கு முன்வரைவாக அமைந்த முகங்கள் எஞ்சிவிட்டன. உலர்வண்ணத்தின் பயன் இதில் விளங்கும். நனைக்க வேண்டாம், காயவைக்க வேண்டாம். ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் இருப்பவரையும் ஒரு மணி நேரம் பிடித்துவைத்து முகத்தைத் தாளுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

திப்புவின் பிள்ளைகளையும் ஹிக்கி வரைந்தார், ஆனால் எண்ணெய் வண்ணத்தில். அதிகாரிகளுக்குச் சுண்ணக்கோல், இளவரசர்களுக்கு எண்ணெய் என்ற இப்பிரிவுக்குச் செலவு, மதிப்பு, அரசியல் எனக் காரணங்கள் பல இருக்கலாம். ஆழ்ந்த நிறத்துக்கு எண்ணெய் வண்ணம் இடம்கொடுக்கும் என்பதும் அவற்றுள் ஒன்றாகக் கொள்ளத் தக்கது.

ஹிக்கியின் படங்களுள் தமிழ் மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது 1816இல் தீட்டிய காலின் மெக்கன்சியின் உருவப்படம். சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் தொகுத்த மெக்கன்சி, அதற்கு முந்தைய ஆண்டில்தான் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆகியிருந்தார். இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள அப்படத்தில் அவர் செந்நிறச் சீருடையில் நிற்கிறார். பின்னணியில் ஒரு கோமதேசுவரர் சிலை. அவரைச் சூழ மூன்று இந்தியர்கள். ஒருவர் கையில் தொலைநோக்கி. மற்ற இருவரைச் சமணப் பண்டிதர் தர்மையா என்றும், காவலி வேங்கட லட்சுமையா என்றும் ஆய்வாளர்கள் இனங்கண்டுள்ளனர். அக்காலத்தில் கம்பெனிக்காரர்களுக்காக இந்திய ஓவியர்கள் வரைந்த படங்களில் 'தச்சனும் மனைவியும்', 'தோல் தொழிலாளியும் மனைவியும்' என்று சாதியும் தொழிலும் இருக்கும், தனிமனிதர் இருக்கமாட்டார். ஹிக்கியின் படத்திலோ மூவருக்கும் தத்தம் வயதும் தத்தம் முகமும் உண்டு. ஊதியத்துக்கு உழைத்த உதவியாளர்களின் முகங்கள் இப்படிப் பதிவானது அந்நாளில் அரிது.

1802இன் இறுதியில் வந்த ஜார்ஜ் சின்னரி 1807 வரை சென்னையில் இருந்தார். மெரினாவுக்கு வடக்கே அலையில் ஏறி இறங்கும் மசூலாப் படகுகளையும் கட்டுமரக்காரர்களையும் அவர் பென்சிலால் வரைந்து தள்ளினார். 1805இல் அவர் தீட்டிய ஒரு படத்தின் கதை உருவப்படம் எதற்கு என்ற கேள்விக்கு விடைபோல் அமைந்தது. ஐதராபாத்தில் ஆங்கில ரெசிடெண்டாக இருந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக்குக்கும் கைருன்னிசாவுக்கும் பிறந்த ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் வழியில் சென்னையில் நின்றபோது, ஐதராபாத் உடையில் அவர்களைச் சின்னரி வரைந்தார். அதே ஆண்டு தந்தை இறந்தார். தாய் தன் பிள்ளைகளை மறுபடி காணவே இல்லை. அவருக்கு எஞ்சியது அந்தப் படம்தான்.

வெள்ளைச் சிலையிலிருந்து கற்ற நிழல்

1850இல் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த ஓவியப் பள்ளிகளில் இது மூத்தது. 1852இல் அரசு இதை ஏற்றது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி இதுவே. அக்காலக் கலைப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் முதலில் கோடு; பிறகு உருண்டை, கூம்பு, பெட்டி போன்ற வடிவங்கள்; அதன்பின் கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்பு வார்ப்புகளைப் பார்த்து நிழல் தீட்டுதல்; இறுதியில்தான் உயிருள்ள மனிதர். பின்னாளில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கு 'ஃப்ரீஹேண்ட்', 'மாடல் டிராயிங்' என்று தயாராகி ஓவிய ஆசிரியர் ஆனவர்களுக்கு இந்த வரிசை அந்நியமாகத் தோன்றாது.

ஒழுங்கான முறைதான். ஆனால் வெள்ளை வார்ப்பில் நிழல் பழகிய கண், தாளின் வெள்ளையே தோல் என்றும், கருமை எல்லாம் நிழல் என்றும் எண்ணிப் பழகிவிடுகிறது. மாநிற முகத்தில் ஒளிபட்ட கன்னம்கூடத் தாளின் வெள்ளையைவிட மிக ஆழமானது. நிழலோ அதனினும் ஆழம். இரண்டையும் பிரித்துக் காட்ட எஞ்சியிருக்கும் இடைவெளி குறுகியது. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் கருப்பு வெள்ளையை நம்பாமல், குளிர்ந்த நிறம், வெதுவெதுப்பான நிறம் என்ற வேறுபாட்டை நம்ப வேண்டும். இதை வார்ப்புச் சிலை கற்றுத்தராது.

பள்ளிக்கு வெளியே கற்றவர்களும் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் மதுரை ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண நுட்பத்தைச் சொல்லித்தர மறுக்க, அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளையிடம் மறைவாகக் கேட்டறிந்த இளைஞர்தான் ராஜா ரவிவர்மா (1848–1906). 1873இல் சென்னைக் கண்காட்சியில் அவருடைய நாயர் பெண் ஓவியம் தங்கப் பதக்கம் பெற்றது. அவர் வரைந்த தென்னிந்திய முகங்களில் தந்தமும் உண்டு, பழுப்பும் உண்டு. அச்சகத்திலிருந்து வெளிவந்த தெய்வங்களோ பெரும்பாலும் வெளிறியவர்கள்.

நிறமில்லாப் புகைப்படமும் நிறம் கேட்ட குடும்பமும்

புகைப்படம் வந்ததும் உருவப்பட ஓவியர்களின் பிழைப்பு போய்விடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் நடந்தது வேறு. சிறிய கருப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்து, சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக வண்ணத்தில் வரைந்து தரக் கேட்டார்கள். பின்னாளில் அரசவைக் கவிஞரான நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) இளமையில் உருவப்பட ஓவியராகவே வாழ்க்கை நடத்தியவர்.

புகைப்படம் மூக்கின் நீளத்தைச் சொல்லும், நிறத்தைச் சொல்லாது. இறந்தவரின் நிறம் என்ன என்று ஓவியர் கேட்க, 'மாநிறம்' என்று வீட்டார் சொல்வார்கள். படம் வந்ததும் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக இருந்திருக்கலாமே என்பார்கள். ஓவியரும் பணம் வாங்க வேண்டியவர்தானே! தாத்தாக்களின் படங்கள் அவர்களைவிடச் சிவந்திருப்பதற்குப் பாதிக் காரணம் இந்தப் பேரம்.

பாரதியாரின் முகமும் இவ்வழியில் நமக்கு வந்ததே. 1921இல் மறைந்த அவருக்கு எஞ்சிய புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. முண்டாசும் முறுக்கு மீசையுமாக இன்று நாம் அறிந்த வண்ணப்படத்துக்கு வடிவம் தந்தவர் ஆர்யா என்கிற பாஷ்யம். 1932 ஜனவரி 26 அன்று ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்ட அதே விடுதலைப் போராட்ட வீரர்தான் அவர். பாரதியின் நிறத்தை நாம் ஓர் ஓவியரின் கணிப்பின் வழியே அறிகிறோம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படங்கள் இளஞ்சிவப்புக் கன்னத்தை வீடுதோறும் கொண்டுசேர்த்தன. சென்னைச் சினிமா பேனர்களில் நடிகர்களின் முகம் ரோஜா நிறத்திலும் நீலத்திலும் பச்சையிலும்கூட மின்னியது. பேனரில் அது பொய்யாகப் படாது. தெருவில் பேருந்திலிருந்து ஒரு கணம் பார்ப்பவருக்கு எழுதிய முகம் அது.

பென்சில் பெட்டி

வண்ணப் பென்சில் இக்கதையில் தாமதமாக வந்த விருந்தாளி. கிராபைட்டையும் களிமண்ணையும் கலந்து சுட்டுப் பென்சில் செய்யும் முறையை நிக்கோலா ழாக் கோந்தே 1795இல் பிரான்சில் கண்டறிந்தார். போரினால் இங்கிலாந்துக் கிராபைட் வராமற்போனதன் விளைவு அது. வண்ணப் பென்சிலைச் சுடமுடியாது, நிறம் எரிந்துவிடும். எனவே நிறப்பொடியை மெழுகோடோ எண்ணெயோடோ சேர்த்துக் கட்டுவார்கள். ஓவியர்களுக்கென ஜெர்மனியின் ஃபேபர் நிறுவனம் 'பாலிகுரோமோஸ்' பென்சில்களை 1908இல் வெளியிட்டது. சுவிட்சர்லாந்தின் 'காரன் தாஷ்' என்ற பெயர் பென்சிலைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லிலிருந்து வந்தது; அச்சொல்லின் வேர் 'கருங்கல்' என்ற பொருளுடைய துருக்கியச் சொல் என்பர். இந்தியாவில் கேம்லின் 1931இலும், நடராஜ் பென்சில் தயாரிக்கும் ஹிந்துஸ்தான் பென்சில்ஸ் 1958இலும் தொடங்கின.

அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் வெளிறிய நிறக் குச்சி ஒன்றுக்குத் 'தசை' எனப் பொருள்படும் 'ஃபிளெஷ்' என்ற பெயரை வைத்திருந்தது. 1962இல்தான் அதைப் 'பீச்' என்ற பழத்தின் பெயராக மாற்றியது. மனிதத் தோல்களுக்கென்றே 24 நிறங்கள் கொண்ட பெட்டியை அந்நிறுவனம் அறிவித்தது 2020இல். நம்மூர்ப் பிள்ளைகளின் வாயில் அந்தப் பழைய பெயர் இன்னும் நிற்கிறது.

மாநிற முகத்தை வண்ணப் பென்சிலில் வரைபவர்கள் இன்று கையாளும் முறையில் 'தோல் கலர்' குச்சிக்கு வேலையே இல்லை. வெள்ளைத் தாளுக்குப் பதில் பழுப்போ சாம்பலோ கலந்த தாளை எடுப்பது முதல் படி. நிழல்களில் கருப்பை வைக்காமல், கருநீலத்தையும் ஊதாவையும் மெல்லியதாகப் பரப்புவார்கள். அதன்மேல் காவி, செங்காவி, ஆழ்பழுப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தாமல் பல அடுக்குகள். அழுத்தித் தேய்த்தால் தாளின் சொரசொரப்பு அடைபட்டு அடுத்த அடுக்கு ஏறாது. மூக்கு நுனி, காது மடல், கன்னம் ஆகியவற்றில் சிவப்பு கூடும். நெற்றியில் மஞ்சள் சாயும். உதட்டில் ஊதா கலந்த பழுப்பு. ஆழ்ந்த தோலில் ஒளிப்புள்ளி வெளிறிய தோலைவிடக் கூர்மையாகத் தெரியும். திறந்த வெளியில் அது வானத்தின் நீலத்தைத் தாங்கியிருக்கும். மஞ்சள் பூசிக் குளித்த முகமானால் நிழலோரம் லேசாகப் பச்சை தட்டும். மெழுகு மிகுந்த பென்சில்களில் சில வாரங்களில் வெண்படலம் பூக்கும். மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும்.

பாஸ்டலுக்கு இங்கு வேறொரு பகை உண்டு. கடலோர ஈரக்காற்றில் பிசினும் தாளும் பூஞ்சை பிடிக்கும். அதனால் பாஸ்டல் படத்தைக் கண்ணாடியிட்டு, கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிடுவது கட்டாயம். ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்டக்கூடாது.

கும்பகோணத்திலிருந்து வந்த வெயில்

நிறத்தைப் பற்றிய பார்வையை அண்மைக்காலத்தில் மாற்றியவர்களில் எஸ். இளையராஜாவுக்குத் தனியிடம் உண்டு. கும்பகோணம் அருகே செம்பியவரம்பல் என்ற சிற்றூரில் 1979இல் பிறந்து, கும்பகோணம், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பயின்றவர். அவர் பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர் என்றாலும், இன்று வண்ணப் பென்சிலும் பாஸ்டலும் எடுக்கும் இளைஞர்கள் முன்மாதிரியாகப் பார்ப்பது அவருடைய படங்களையே. ஓட்டு வீட்டுத் திண்ணையிலும் அடுப்படியிலும், சன்னல் வழியே சாய்ந்து விழும் வெயிலில் நிற்கும் கருத்த, மாநிறப் பெண்கள் அவர் படங்களில் வருவார்கள். வார இதழ்களில் அவை அச்சானபோது புகைப்படம் என்றே எண்ணியவர்கள் பலர். அவர் அந்தப் பெண்களை வெளுக்கவில்லை. வெயிலை மட்டும் அவர்கள்மேல் விழவிட்டார். வெள்ளையைக் கலக்காமலே தோல் ஒளிர்ந்தது. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

பூசலார் நாயனார் மனத்திலே கோயில் கட்டிய ஊராகப் போற்றப்படும் திருநின்றவூரிலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் ஆவடி வழியாகச் சென்னை மூர் மார்க்கெட் நிலையம் வரும். அங்கிருந்து பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் நடந்துபோகும் தூரத்தில்தான் ஹண்டர் தொடங்கிய அந்தக் கல்லூரி இருக்கிறது. ஓவியம் பயில விரும்பும் மாணவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள ரவிவர்மா ஓவியங்களையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம். அங்குள்ள முகங்களில் ஒளி விழுந்த இடம் என்ன நிறம், நிழல் என்ன நிறம் என்று ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டு, திரும்பும் ரயிலில் மாலை வெயில் படும் சன்னலோர முகங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி.